ஹீட்டர் போட்டுப் பத்து நிமிஷம்

ஏலே, எந்திரிச்சிட்டீங்களா எல்லாவனும்? பல்லு தேச்சீங்களோ இல்லியோ, ரேடியோவத் தொடச்சு வச்சிருப்பீங்க. வீட்ல கூப்பிட்டா மூணாவது தடவைக்குத்தான் என்னன்னு கேப்பீங்க, காத்துல எவனாவது இருமுனா மட்டும் யாரு எவரு எந்த ஊருன்னு விசாரிப்பீங்க. உடன்குடியில அனிபா பாய் இந்நேரம் மொட்டமாடிக்குப் போயி ஆன்டெனா கம்பியில எத்தன காக்கா உக்காந்திருக்குன்னு எண்ணிட்டு எறங்கியிருப்பாரு, இன்னும் கொஞ்ச நேரத்துல அதத்தான் நமக்கு வானிலை அறிக்கையா வாசிப்பாரு. பழையகாயல்ல கஸ்மீர் அண்ணன் கிளப் செக்ரட்டரிங்குற கெத்துல சட்டையெல்லாம் மாட்டி உக்காந்திருப்பாரு, ரேடியோவுல சட்ட தெரியாதுண்ணேன்னு யாராவது அவருகிட்ட சொல்லுங்கப்பா. சரி, சிரிச்சுக்கோங்க. ஏழு மணிக்கு நம்ம நெட்டு, ஹாம் ரேடியோக்காரங்க நாம காத்துல கூடுற வாராந்திரக் கூட்டம். இப்ப மணி ஆறு அம்பது. நான் தூத்துக்குடி கிளப் ரூம்ல ஸ்டூல்ல உக்காந்து, கொரலப் பெருசாக்கி அனுப்புற இந்தப் பொட்டியவே பாத்துட்டு இருக்கேன். இன்னும் பத்து நிமிஷத்துக்கு உங்களுக்கு என் கொரல் கேக்காது, அதனால மனசுக்குள்ளயே பேசிக்கிடுதேன், எனக்கு வாய் சும்மா இருந்தா ஒடம்புக்கு ஆகாது. இன்னைக்கு நெட்டு முடியுறப்ப பியூலா அக்கா இந்த ரூம் சாவிய எனக்குக் குடுக்கப் போறா. இனிமே நான் பெரிய மெசினத் தொட மாட்டேன், ஜெபஸ்டின் பாத்துக்கிடுவான்னு உங்க எல்லார்கிட்டயும் சொல்லப் போறா. போன மாசம் இதுக்குள்ள இருந்த வால்வு வெடிச்சதுக்கு அவதான் காரணம்னு நீங்க நம்புறீங்க, அவளும் நம்புறா. நான் மட்டும் நம்பல. எனக்குத் தெரியும்லா.

அக்கா எனக்கு அந்தாண்ட நாற்காலியில உக்காந்திருக்கா. கையில ஸ்டாப்வாட்ச், அவ வேல பாக்குற பள்ளிக்கூடத்துலருந்து வாங்கிட்டு வந்தது, ஓட்டப்பந்தயத்துக்கு பி.டி. மாஸ்டர் அமுக்குறது. பிசிக்ஸ் லேப்ல பதினெட்டு வருஷமா ஊசல் ஆட்டிக் காட்டுற பொம்பள, நேரத்துக்குன்னே பொறந்தவ, அவளுக்கே இப்ப நேரத்து மேல நம்பிக்க போயிருச்சு. வந்ததும், "ஹீட்டர் சுவிட்ச நீ போடு எய்யா"ன்னா. போட்டேன். காத்தாடி ஊஊன்னு எழுந்துச்சு. மூணு நிமிஷம் போதும்க்கான்னேன். பத்துன்னா. இது புது வால்வு, இருவது வருஷம் அட்டப்பெட்டிக்குள்ள தூங்குனது, நேத்துப் பகல் முழுக்க ஹீட்டர் மட்டும் குடுத்து வச்சிருந்தோம், இருந்தாலும் முதல் தடவ, பத்துதான், அப்படின்னு சொல்லிட்டு வாட்ச அமுக்கிட்டா. பத்துன்னா பத்து. என்னைய மாதிரி ஆளுக்குப் பத்து நிமிஷம் சும்மா உக்காருறதுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும். காலேஜ்ல மூணாவது வருஷத்துல வெளிய வந்ததுக்கு எங்கப்பா ஆயிரம் காரணம் சொல்லுவாரு, உண்மையான காரணம் அம்பது நிமிஷ பீரியடு. நாப்பதாவது நிமிஷத்துல எனக்கு முட்டி ஆடும், பெஞ்சு ஆடும், பக்கத்துல உள்ளவன் எழுத்து ஆடும். இப்பவும் ஆடுது. ஸ்டூல் கிறீச்சுங்குது. அக்கா தலையத் தூக்காம கையால அமத்துங்குறா. பொட்டி மேல கைய வச்சுப் பாக்கேன், வெளிய வர்ற காத்து இன்னும் குளுமையாத்தான் இருக்கு, லேசா தூசி வாட, உப்பு வாட, நம்ம ஊர்ல எல்லா மெசினுக்கும் உப்பு வாட இருக்கும், தொறந்து பாத்தா ஸ்குரூ எல்லாம் கருவாடு மாதிரி இருக்கும். இந்த வால்வு வெளிய ஒண்ணும் காட்டாது. கண்ணாடி வால்வுன்னா செவப்பா ஒரு திரி எரியுறத வேடிக்க பாக்கலாம், இது பீங்கானும் இரும்பும், எங்கப்பா மாதிரி, உள்ள எவ்வளவு சூடு ஏறியிருக்குன்னு மூஞ்சியப் பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனாலதான் கடிகாரம், அதனாலதான் லேம்பு.

கேக்குறவன் எவனாவது புதுசா இருந்தா அவனுக்காகச் சொல்லுதேன், பழைய ஆளுவ காப்பி குடிங்க. முதல்ல காத்தாடியும் ஹீட்டரும், ஹீட்டர்ங்குறது வால்வு வயித்துக்குள்ள இருக்குற அடுப்பு. அடுப்பு மூணு நிமிஷம் எரிஞ்சு உள்ள பூசியிருக்குற பூச்சு பழுக்கணும். அதுக்கப்புறந்தான் ரெண்டாயிரம் வோல்ட்டு, ஹெச்.டி.ம்போம். அதுக்கப்புறம் ஸ்கிரீனுக்கு, வால்வுக்குள்ள இருக்குற கம்பி வலைக்கு, ஒரு சுவிட்ச். கடைசியாத்தான் மைக்கு, நம்ம வாய். அணைக்கிறப்ப அப்படியே தலைகீழா, காத்தாடி எல்லாத்துக்கும் கடைசி. பூச்சு பழுக்கும் முன்னாடி ரெண்டாயிரத்தக் குடுத்து மைக்கையும் அமுக்குனா பூச்சு பிஞ்சு உள்ள பறக்கும், பறந்தது எங்கயாவது போயி ஒட்டும், அப்புறம் டப்பு. இந்த வரிசைய யாரும் மாத்தக்கூடாதுன்னுதான் உள்ள ஒரு டைமர். மூணு நிமிஷம் ஆனாத்தான் பச்ச லேம்பு எரியும், பச்ச எரிஞ்சாத்தான் ஹெச்.டி. சுவிட்ச் வேல செய்யும், அதனால பச்ச எரிஞ்சா மணி பாக்காமலே போட்டுருவோம். அதுவும் போதாதுன்னு மேசையில ஒரு கோடு போட்ட நோட்டு. ஹீட்டர் போட்ட மணி, ஹெச்.டி. போட்ட மணி, பக்கத்துல கையெழுத்து. நான் எழுதுன பக்கத்தப் பாத்தா எல்லாத்துலயும் சரியா மூணு நிமிஷம் இடைவெளி இருக்கும், ஏன்னா நான் கடைசியில மொத்தமா உக்காந்து எழுதுவேன். அக்கா பாத்து எழுதுவா. அன்னைக்குக்கூட வால்வு வெடிச்ச பெறகு மணியப் பாத்து ஹீட்டர் 6.41, ஹெச்.டி. 6.41ன்னு எழுதி வச்சிருக்கா. எவளாவது எழுதுவாளா? தனக்குத் தானே சாட்சி. நான்னா அந்தப் பேனாவுல மை இல்லன்னு சொல்லியிருப்பேன்.

"மூணு"ங்குறா அக்கா. பொட்டியில பச்ச எரிஞ்சிருச்சு, சின்னதா, பச்சமிளகா வெத அளவுல. அவ பாக்கல. வாட்ச்சையே பாத்துட்டு இருக்கா. நான் பாக்கேன். இந்த லேம்ப இவ்வளவு நேரம் எந்தப் பொண்ணையும் நான் பாத்ததில்ல. இதுக்கு முந்தி ஒரு நாள் இது எரிய மூணு நிமிஷம் எடுக்கல, மூணு நொடிகூட எடுக்கல, நான் போட்ட வயரு. அதுதான் மக்கா சங்கதி. அந்தப் போட்டி ஞாபகம் இருக்கா, ஒரு நாள்ல யாரு அதிக நாட்டோட பேசுறதுன்னு, நான் மத்தியானம் தனியா உக்காந்தேன், வெளிய வெயிலு மண்டையப் பொளக்குது. ஒருத்தன் பிரேசில்லருந்து என் பேரக் கேக்குறான், ஜெபஸ்டின்னு பாதி சொல்லியிருப்பேன், கரண்ட்டு போயிருச்சு. நாலே நொடியில திரும்பி வந்துச்சு. தெருமுனை டிரான்ஸ்பார்மர்ல எவனோ ஏறியிருக்கான், அவன் ஒரு தடவ சரி பண்ண பத்து தடவ அணைச்சான். ஒவ்வொரு தடவையும் டைமரு முதல்லருந்து எண்ண ஆரம்பிக்கும். வால்வு சூடாத்தான் இருக்கு, நாலு நொடியில என்ன ஆறிரும், கொதிக்கிற சோத்துப்பான, அது எனக்குத் தெரியுது, டைமருக்குத் தெரியல. மூணு நிமிஷம், மூணு நிமிஷம், மூணு நிமிஷம். பிரேசில்காரன் போயிட்டான். அஞ்சாவது தடவ போனப்ப மெயின் கரண்ட்ட அணச்சுப் பின்பக்கத் தகட்டக் கழட்டி, டைமரோட ரெண்டு முனைக்கு நடுவுல ஒரு விரல் நீளத்துக்கு வயரு, ரெண்டு சொட்டு ஈயம், முடிஞ்சது. இனி ஹீட்டர் போட்ட ஒடனே பச்ச எரியும். தப்பே இல்ல, அந்தச் சமயத்துக்கு அது சரி, இப்பவும் சொல்லுவேன், வால்வு சூடா இருக்குறப்ப அது சரி. சாயங்காலம் கழட்டணும்னு நெனச்சேன். நூத்திப் பதினாறு நாடு. சந்தோசத்துல பொட்டிய அணச்சிட்டு, காத்தாடிய மட்டும் ஒழுங்கா கடைசியில அணச்சிட்டு, பீச்சுக்குப் போயி கடல் காத்து வாங்குனேன். நூத்திப் பதினாறுன்னு தெருவுல வர்றவன் போறவன்கிட்டலாம் சொன்னேன். வயரு உள்ளயே இருந்துச்சு.

அடுத்த ஞாயிறு. நான் மட்டக்கடை பக்கம் டீக்கடையில நிக்கேன், கையில சின்ன ரேடியோ, காதுல வயரு. வழக்கமா அக்கா சீக்கிரம் போயி மெசினச் சூடேத்தி நெட்ட ஆரம்பிப்பா, நான் டீ குடிச்சிட்டு ஏழே காலுக்குப் போவேன். நெட்டுக்கு முன்னாடி டெஸ்ட்டுக்கு அவ ஒரு கொரல் குடுப்பா. அன்னைக்கு, "எல்லாருக்கும் காலை வண..."ன்னு வந்துச்சு. கத்தில நறுக்குன மாதிரி அதோட நின்னுச்சு. வெறும் எரச்சல். நீங்கள்லாம் கரண்ட்டு போயிருக்கும்னு பேசிக்கிட்டீங்க, அனிபா பாய் காக்காவச் சொன்னாரு. கடையில டியூப்லைட்டு எரிஞ்சுட்டுதான் இருந்துச்சு. அந்த டியூப்லைட்டப் பாத்த ஒடனே டீ கிளாஸ அப்படியே வச்சேன். வயரு. வண்டிய எப்படி ஓட்டுனேன்னு கேக்காதீங்க, ஒன்வேயில வந்தேன். மாடி ஏறுறேன், அக்கா நடு ரூம்ல நிக்கா, ரூம் பூரா கருகுன வாட. "பச்ச எரிஞ்சுதேய்யா ஜெபா, பச்ச எரிஞ்சு போயிதான் போட்டேன்"னா. அந்த எடத்துல சொல்லியிருக்கணும். வாயில வந்துச்சு மக்கா. சத்தியமா நாக்கு நுனிக்கு வந்துச்சு. ஆனா என் வாய் பழக்கம் உங்களுக்குத் தெரியும், உண்ம வந்து நிக்கிற எடத்துல ஒரு சமாதானம் முந்திக்கிட்டு வெளிய குதிக்கும். பதட்டத்துல அப்படித் தோணும்க்கான்னேன். எவ்வளவு ஆறுதலாச் சொன்னேன் தெரியுமா, தோள்ல கை வைக்காத குறை. கஸ்மீர் அண்ணனுக்குப் போன் போடுங்க, உள்ள டவர் கெடைக்காது, கீழ போயி பேசுங்க, ஒரு தண்ணி பாட்டில் வாங்கிக் குடிங்கன்னேன். எறங்குனா. செருப்பு சத்தம் பதினாறு படி. நான் தகட்டக் கழட்டினேன். அதுலயும் பாருங்க, முதல்ல பிளக்கப் புடுங்கி, மரக்கைப்பிடி போட்ட எர்த்துக் கம்பியால கண்டென்சரத் தொட்டு மிச்ச கரண்ட்ட எறக்கிட்டுதான் கைய உள்ள விட்டேன். திருட்டு வேல பாக்குறப்பகூட ஒழுங்கு. கட்டர் வச்சு ரெண்டு எடத்துல ஒரு நறுக்கு. பாக்கெட்ல போட்டேன். அக்கா மேல வர்றப்ப நான் கருகுன வால்வ டார்ச் அடிச்சு ரொம்ப வருத்தமாப் பாத்துட்டு இருந்தேன்.

ஊர்ல கடை கடையாப் போயி சி.சி.டி.வி. மாட்டுறது என் பொழப்பு. எவன் எதத் திருடுனாலும் என் கேமராவுல தெரியும். நம்ம ரூம்ல ஒண்ணு மாட்டிக் குடு தம்பின்னு கஸ்மீர் அண்ணன் ரெண்டு தடவ கேட்டாரு, சோம்பேறித்தனத்துல மாட்டல. என் சோம்பேறித்தனம் என்னைக் காப்பாத்துனது அந்த ஒரு தடவதான். அதுக்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும், பாதிப் பேரு இங்கதான் நின்னீங்க. கஸ்மீர் அண்ணன் கைக்கடிகாரத்தக் கழட்டி மேசையில வச்சு டைமர மூணு தடவ சோதிச்சாரு. மூணு தடவையும் மூணு நிமிஷம், ஒரு நொடி தப்பல. நல்ல டைமரு அது, அதப் போயி நான் எவ்வளவு திட்டியிருக்கேன். எல்லாரும் அக்காவப் பாத்தீங்க. அக்கா நோட்டப் பாத்தா, 6.41, 6.41. அப்ப நான்தான் தப்பாப் பாத்திருப்பேன்னு மெதுவாச் சொன்னா. யாராவது ஏதாவது பேசி அந்த அமைதிய ஒடைக்க மாட்டாங்களான்னு இருந்துச்சு. நான் ஒடச்சேன். நமக்கெல்லாம் மூணு நிமிஷம், அக்காவுக்கு அதுவே ஒரு பியூலா நிமிஷம்னேன். சிரிச்சீங்க. அக்காவும் சிரிச்சா. அன்னைக்கு அது அந்த ரூம்ல விழுந்தது, அடுத்த வாரம் காத்துல கேக்குது. இதோ ஒரு பியூலா நிமிஷத்துல வாரேன். சோறு வெந்துருச்சா, பியூலா நிமிஷம் ஆச்சு. நாசரேத்துலருந்து ஒருத்தன், முகமே தெரியாதவன், அவன் பொண்டாட்டிகிட்ட சொல்லுதான். நல்ல ஜோக்குன்னா இப்படித்தான், சொன்னவன் கைய விட்டுப் போயிரும். அஞ்சு வாரமாப் போகுது.

"அஞ்சு." காத்து இப்ப வெதுவெதுன்னு வருது. உள்ளங்கைய வச்சா ஈரத்துணிய இஸ்திரி போட்ட சூடு. ஜன்னல் வழியா உப்பு லாரி போற சத்தம், அது போனதும் பள்ளிவாசல் பக்கம் கோழி கூவுது, ஆறே முக்காலுக்கே கூவ வேண்டியது, லேட்டு. அக்கா எடது உள்ளங்கையில பேனாவால என்னமோ எழுதியிருக்கா. இங்கருந்து படிக்க முடியுது. கேஸ் மூடியாச்சு. அதுக்குக் கீழ, கதவு. அவ வீட்லருந்து கெளம்புறப்ப எழுதுனது. நாலு நாளைக்கு முன்னாடி மார்க்கெட்ல பாத்தேன், அன்னைக்கும் எழுதியிருந்தா, என்னக்கா பரிச்சைக்கு பிட்டான்னு கேட்டேன். அப்பதான் சொன்னா. கண் டாக்டர்கிட்ட போனாளாம், புள்ளிப் புள்ளியா கலர் அட்ட காட்டுவாங்கல்ல, பச்சைக்குள்ள நம்பர், செவப்புக்குள்ள நம்பர், எல்லாத்தையும் கடகடன்னு படிச்சிருக்கா. கண்ணு தங்கம்னுட்டாராம் டாக்டர். எவளாவது அதுக்கு அழுவாளா, இவ வெளிய வந்து ஆட்டோவுல அழுதிருக்கா. கண்ணு நல்லா இருந்தா அப்ப கெட்டுப்போனது எது? அவ அம்மாவுக்கு அம்பத்தி மூணு வயசுல ஆரம்பிச்சிருக்கு. முதல்ல அடுப்புல பால், அப்புறம் பஸ் நம்பர், அப்புறம் பிள்ளைகளுக்குப் பேரு. கடைசி ரெண்டு வருஷம் இவளப் பாத்து, டீச்சரம்மா என் மக பியூலா எப்ப பள்ளிக்கூடம் விட்டு வருவான்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சாம். அக்காவுக்கு இப்ப நாப்பத்தி ஏழு. எங்கம்மாவ விட ஆறு வருஷம் முந்தியே எனக்கு வந்துருச்சு ஜெபான்னு சொன்னா, கத்திரிக்காயப் பொறுக்கிக்கிட்டே சொன்னா, சொத்த இருக்கான்னு திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே. ஸ்கூட்டிய வித்துறப் போறாளாம். அடுத்த மாசம் பிராக்டிகல் பரிச்ச, லேப்ல கரண்ட்டு, ஸ்பிரிட் விளக்கு, அம்பது பிள்ளைக, என்னால முடியாதுன்னு ஹெச்.எம்.முக்கு லெட்டர் எழுதி பைக்குள்ள வச்சிருக்கா, திங்கக்கெழம குடுக்கப் போறா. திங்கக்கெழமன்னா நாளைக்கு. அந்தப் பை அவ காலுக்குப் பக்கத்துல இருக்கு, நீலப் பை. நான் அன்னைக்கு என்ன சொன்னேன் தெரியுமா. சேச்சே அதெல்லாம் இல்லக்கான்னேன். அதெல்லாம் இல்லன்னு எனக்கு எப்படித் தெரியும்னு அவ கேக்கல. கேட்டிருந்தா.

சொல்லணும். அது முடிவாயிருச்சு, சொல்லணும்ங்குறதுல சண்ட இல்ல, எப்படிங்குறதுலதான் மாட்டிக்கிட்டு நிக்கேன். நேத்து ராத்திரி யோசிச்சது என்னன்னா, நெட்டுல சொல்லிருவோம், எல்லாரும் இருப்பாங்க, முதல்ல ரெண்டு வார்த்த சிரிப்பா ஆரம்பிச்சு, மக்களே ஒரு வயரோட கதை கேளுங்கன்னு ஆரம்பிச்சு, நடுவுல உண்மைய வச்சு, கடைசியில இன்னொரு சிரிப்பு. மாத்திரைய வாழப்பழத்துக்குள்ள வச்சு மாட்டுக்குக் குடுக்குற மாதிரி. மாடு யாரு? நீங்கதான். நீங்க சிரிப்பீங்க, போடா கிறுக்கான்னுட்டு அடுத்த ஆளு வானிலைக்குப் போயிருவாரு, எனக்கு ஒண்ணும் ஆகாது, அவன் அப்படித்தான்னுருவீங்க. அதுதான் எனக்கு வேணுமா இருந்துச்சு, நேத்து. இப்ப இந்தக் காத்தாடிச் சத்தத்துல உக்காந்து பாத்தா அது வரிசை தப்பு. சிரிப்பு கடைசியில வர்றது, அதுவும் வந்தா. முதல்ல அக்காவுக்குத் தெரியணும். உங்களுக்கு முந்தி அவளுக்கு. அவ உங்களோட சேந்து ஹெட்போன்ல கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டான்னா அதுவும் ஒரு திருட்டு. அப்ப இப்பவே சொல்லு, ஏழு நிமிஷம் ஆகப்போகுது, சும்மாதான் உக்காந்திருக்கோம், அக்கான்னு கூப்பிடு. அக்கான்னு கூப்பிட்டேன்னு நெனைக்கேன், அவ "என்னய்யா"ங்குறா. ஒண்ணுமில்லக்கா, காத்து சூடா வருதுன்னேன். "நல்லது"ன்னா. பாத்தீங்களா. வாயி. உலகத்துல உள்ள எல்லா நாட்டுக்காரனோடவும் பேசும், நூத்திப் பதினாறு, இந்த நாலடி தூரத்துக்கு எட்ட மாட்டேங்குது. என்ன பயம்? அடிக்கவா போறா. சாவி போகும், போகட்டும். லைசென்ஸு போகுமோ, கஸ்மீர் அண்ணன் சட்டைய இன்னொரு தடவ போட்டுக்கிட்டு மீட்டிங் போடுவாரு, போடட்டும். அதெல்லாம் பயமில்ல. அவ என்னைப் பாப்பால்ல, அந்த ஒரு பார்வ. பதட்டத்துல அப்படித் தோணும்க்கான்னு நான் சொன்னப்ப அவ என்னைப் பாத்தது நம்பிக்கையோட. தன் கண்ண விட்டுட்டு என் பேச்ச நம்புனா. எங்கம்மாகூட என் பேச்ச நம்பாது மக்கா. காலேஜ் விட்ட பெறகு ஊர்ல எவனும் நம்பல, இவதான் ரேடியோ பரிச்ச எழுதுடான்னு அப்ளிகேஷன் வாங்கிக் குடுத்தா, மோர்ஸு தந்தி அடிக்கிறப்ப முட்டிய ஆட்டாதடான்னு கால மிதிச்சா.

எட்டரை நிமிஷம் இருக்கும். அக்கா நோட்ட இழுத்து ஹீட்டர் மணிய எழுதுறா, 6.50, பக்கத்துல வெறும் கட்டம். கண்ணாடிய மூக்கு மேல ஏத்துறா, புதுசு, டாக்டர் வேண்டாம்னு சொல்லியும் இவளா கேட்டு வாங்கிக்கிட்ட கண்ணாடி. வால்வுக்குக் கடிவாளம் போடுற வோல்ட்டு, பயாஸ்ம்போம், அந்த மீட்டர என்னையப் பாக்கச் சொன்னா, பாத்தேன், சரியா இருக்கு. எனக்கு முட்டி ஆடல. அதக் கவனிச்சேன், ஆடல. ரேடியோவ ஆன் பண்ணி வால்யூமத் தூக்குனா, உங்க கொரலெல்லாம் லேசா வருது, அனிபா பாய் யாருகிட்டயோ சொல்லுதாரு, கிளப்புக்காரங்க இன்னும் வரலியேன்னு. பதில் வருது, ஒரு பியூலா நிமிஷம் பொறுங்க பாய். சிரிப்பு. அக்கா உதடும் பழக்கத்துல லேசா விரியுது, விரிஞ்சு அப்படியே நிக்குது. வாட்ச்சப் பாக்கா. "பத்து. ஹெச்.டி. போடலாம்." என் கை சுவிட்ச் மேல இருக்கு. அவ எந்திரிச்சு என் பக்கத்துல வந்து நின்னா, மெசினப் பாக்காம என் மூஞ்சியப் பாத்தா.

"பச்ச எரியுதா? நீ பாத்துச் சொல்லு எய்யா."

மூணாவது நிமிஷத்துலருந்து எரிஞ்சுட்டுதான் இருக்கு. அவளுக்கு ஒரு அடி முன்னாடி எரியுது. எரியுதுக்கான்னேன். கைய சுவிட்சுலருந்து எடுத்துட்டேன். எரியுதுக்கா, அன்னைக்கும் எரிஞ்சுது, நீங்க பாத்தது சரி. அப்புறம் வயரச் சொன்னேன், பிரேசில்காரன விட்டுட்டேன், டிரான்ஸ்பார்மர விட்டுட்டேன், அதெல்லாம் சொன்னா எனக்குத்தான் நல்லது. மூணு வாக்கியம் ஆச்சு மொத்தமே. காத்தாடி ஓடிக்கிட்டே இருக்கு. அக்கா நாற்காலியில உக்காரல, மேசையப் புடிச்சுக்கிட்டு நின்னா, கையில ஸ்டாப்வாட்ச் இன்னும் ஓடுது, பதினொண்ணத் தாண்டி ஓடுது.

"எப்ப எடுத்த அத?"

நீங்க போன் பேசக் கீழ போனப்பன்னேன்.

"நான் மேல வந்து உன்கிட்ட ரெண்டாவது தடவையும் கேட்டேன், பச்ச எரிஞ்சுதேன்னு."

ஆமான்னேன்.

அதுக்கு மேல அவ கேக்கல. அந்த ரெண்டாவது தடவையும் நான் பதட்டம்னுதான் சொன்னேன், அது அவளுக்கு ஞாபகம் இருக்கு, அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. அந்தப் பார்வ வரும் வரும்னு நான் காத்துட்டு நிக்கேன், வரல, அவ என்னையப் பாக்கவே இல்ல. லேம்பப் பாத்தா. ரொம்ப நேரம். கண்ணாடியக் கழட்டிட்டுப் பாத்தா, அப்புறம் குனிஞ்சு பைக்குள்ள இருந்த லெட்டர எடுத்து நோட்டுக்குள்ள வச்சா, கிழிக்கல, வச்சா. அவளே கைய நீட்டி ஹெச்.டி.யப் போட்டா. மீட்டர்ல முள்ளு மெதுவா எந்திரிச்சு ரெண்டாயிரத்துல நின்னுச்சு, ஒரு சத்தமும் இல்ல. ஸ்கிரீனையும் போட்டா. மணியப் பாத்து நோட்டுல 7.02ன்னு எழுதுனா. மைக்க எடுத்து என் முன்னாடி வச்சுட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டா.

அமுக்குனேன். எல்லாருக்கும் காலை வணக்கம், ஜெபஸ்டின் பேசுதேன். அஞ்சு வாரம் முந்தி வால்வு வெடிச்சது பியூலா அக்காவால இல்ல. டைமர்ல வயரப் போட்டு மறந்தது நான். அக்காவக் கீழ அனுப்பிட்டு அத நறுக்கி எடுத்ததும் நான். அக்கா பாத்தத பதட்டம்னு சொன்னதும், பியூலா நிமிஷம்னு பேரு வச்சதும் நான். ஓவர். விரல எடுத்தேன். எரச்சல். அப்புறம் அனிபா பாய், சிரிக்க ஆரம்பிச்ச கொரல்ல, "என்ன தம்பி, காலையிலயே புதுக் கதையா?"ன்னாரு. பின்னாலயே ரெண்டு மூணு பேரு சிரிப்பு.

திரும்ப அமுக்குனேன். விளையாட்டு இல்ல பாய். நான்தான் பண்ணேன்.